நெடுந்தூரம் ஓடிய ஸ்போர்ட்ஸ் கார்: கொள்ளலாமா, தள்ளலாமா?

மனிதன் விலைகொடுத்து வாங்கும் பொருள்கள் இருவகைப்படும். வேண்டியிருத்தலால் வாங்குவன ஒருவகை. விரும்புதலால் வாங்குவன மற்றொருவகை. அரிசியும் குடையும் முதல்வகையைச் சார்ந்தன. ஸ்போர்ட்ஸ் காரோ இரண்டாம் வகையில் தலைமை பெற்றது. இருவரே அமரத்தக்கதாய், மூட்டை முடிச்சுக்கு இடமற்றதாய், தரையை ஒட்டித் தாழ்ந்து செல்லும் அவ்வண்டியை, ஓட்டுதலில் உள்ள இன்பம் ஒன்றனையே கருதி மக்கள் வாங்குகின்றனர். புதுவண்டியின் விலை இளைஞர் கைக்கு எட்டுவதன்று. ஆதலின், கல்வியை முடித்துச் சில ஆண்டுச் சம்பளத்தில் சிறிது மிச்சம் பிடித்தவனுடைய கண்ணுக்குப் படுவது, பல கைகள் மாறி, நூறாயிரம் மைலுக்குமேல் ஓடி, குறைந்த விலைக்கு நிற்கும் பழைய வண்டியே. அதனை வாங்கலாமோ, ஆகாதோ என்பதை எவ்வாறு துணிவது? இதுவே ஈண்டு யாம் ஆராயப் புகும் பொருள்.

பொதுப்படக் கூறின் தெளிவு பிறவாது; ஆகவே ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். ஜப்பான் நாட்டு மாஸ்டா கம்பெனியார் 1989-ஆம் ஆண்டில் சிக்காகோ மோட்டார்க் காட்சியில் எம்எக்ஸ்-5 என்னும் சிறு திறந்த வண்டியை வெளியிட்டனர். 1960-களில் பிரிட்டனில் தோன்றிய லோட்டஸ் எலான் போன்ற வண்டிகளின் இலேசான அமைப்பைப் பின்பற்றி, ஆயின் நாள்தோறும் பழுதின்றி ஓடவேண்டுமென்னும் நோக்கத்துடன் இதனை அமைத்தனர். முதலில் வந்தவற்றின் இஞ்சின் 1.6 லிட்டர் அளவினது. வண்டியின் எடை 1,000 கிலோவுக்கும் குறைவு. 2016-ஆம் ஆண்டில் இவ்வகை வண்டியின் தொகை பத்து லட்சத்தை எட்டிற்று. பிரிட்டனில் பழைய ஸ்போர்ட்ஸ் காரை நாடுவோர் பலரும் முதலில் தேடுவது இதனையே.

நிற்க, வாங்குவோர் யாவரும் முதலாவது நோக்குவது ஓடிய மைல்களின் தொகையை. தொகை பெரிதாயின் வண்டி தேய்ந்தது என்றும், சிறிதாயின் நல்லது என்றும் முடிவு செய்துவிடுகின்றனர். இம்முடிவு எவ்வளவு உறுதியற்றது என்பதற்கு ஒரு சான்று காட்டுவோம். அமெரிக்காவில் லாங் ஐலண்டில் விஞ்ஞான ஆசிரியராயிருந்த இர்வ் கார்டன் என்பார் 1966-இல் வால்வோ பி1800எஸ் என்னும் ஸ்போர்ட்ஸ் வண்டியொன்றை வாங்கினார். அதே வண்டி 2013-இல் அலாஸ்காவில் முப்பது லட்சம் மைலைக் கடந்தது. அவர் செய்த மந்திரம் யாதுமில்லை. குறித்த காலத்தில் எண்ணெயை மாற்றினார், தேய்ந்த உறுப்பைத் தேய்ந்தபொழுதே புதுப்பித்தார். ஆதலின் மைல் தொகை வண்டி நடந்த தூரத்தைக் கூறுமேயன்றி, நடந்த விதத்தைக் கூறாது.

இதற்குக் காரணம் இஞ்சினின் உள்ளே இருக்கின்றது. ஓடும் இஞ்சினில் சுழலும் உலோகமும் தாங்கும் உலோகமும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இடையே மெல்லிய எண்ணெய்ப் படலம் நின்று இரண்டையும் பிரிக்கின்றது. குளிர்ந்த இஞ்சினைத் தொடங்கும்பொழுது அப்படலம் முற்றும் அமைந்திராமையால் தேய்வு மிகுதி. மேலும், எரிபொருள் எரிதலால் உண்டாகும் நீராவி, சூடேறாத இஞ்சினில் நீராகி எண்ணெயோடு கலக்கின்றது. நெடும்பயணத்தில் எண்ணெய் நன்கு சூடேறுதலால் அந்நீர் ஆவியாய் வெளியேறிவிடும். ஆகவே நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடி 140,000 மைல் கண்ட வண்டியைவிட, கடைக்கும் வீட்டுக்குமாக ஓடி 40,000 மைல் கண்ட வண்டியே உள்ளுக்குள் அதிகம் நைந்திருத்தல் கூடும். அன்றியும் ரப்பர்க் குழாய்களும் எண்ணெய் கசியாமல் காக்கும் வளையங்களும் மைலால் அன்றி ஆண்டுகளால் முதுமை அடைவன. கொட்டகையில் பத்தாண்டு உறங்கிய வண்டி மைலில் இளமையும் உடலில் முதுமையும் உடையது.

இனி, உறுப்புக்களில் அஞ்சத்தக்கன எவை, அஞ்சவேண்டாதன எவை என்று பிரித்தறிதல் வேண்டும். டைமிங் பெல்ட்டு என்பது இஞ்சினின் அடித்தண்டையும் வால்வுகளை இயக்கும் மேல்தண்டையும் இணைக்கும் பற்களுள்ள ரப்பர்ப் பட்டை. முதல்வகை எம்எக்ஸ்-5 வண்டியில் இதனை 60,000 மைலுக்கு ஒருமுறை மாற்றுதல் முறை. அந்த 1.6 லிட்டர் இஞ்சினில் பட்டை அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளா; வண்டி வழியில் நின்றுவிடும், அவ்வளவே. ஆயின் 1982 முதல் 1991 வரை செய்யப்பட்ட போர்ஷே 944 என்னும் வண்டியில் பட்டை அறுமாயின் பிஸ்டன்கள் வால்வுகளை மோதி வளைத்துவிடும். இஞ்சினையே பிரித்துச் செப்பனிட நேரும். அவ்வண்டியின் கியர்ப்பெட்டி பின்புறத்தில் இருத்தலால், கிளச்சை மாற்றுவதும் நெடுநேர வேலை. இரண்டு வண்டியும் சந்தையில் ஒரே விலைக்கு நிற்கலாம். அவை பின்னர்க் கேட்கும் செலவு ஒன்றன்று. பழமையால் வண்டியின் விலை இறங்குகின்றது. அதன் உறுப்புக்களின் விலை அவ்வாறு இறங்குவதில்லை என்பதை வாங்குவோர் மறத்தலாகாது.

எம்எக்ஸ்-5 வண்டிக்கு மெய்யான பகை இஞ்சின் தேய்வு அன்று, துருவே. கதவுகளின் அடியில், பின்சக்கரத்துக்கு முன்வரை நீண்டு செல்லும் பெட்டிபோன்ற இரும்புப் பகுதியைச் ‘சில்’ என்பர். துணிக்கூரையில் விழும் மழைநீர் சிறு குழாய்களின் வழியே கீழிறங்கி வெளியேற வேண்டும். இலைச்சருகும் மண்ணும் அவ்வழியை அடைத்தால் நீர் உள்ளே தங்கி, இரும்பை உள்ளிருந்து வெளியே அரித்துவரும். புறத்தே வர்ணம் பளபளத்துக்கொண்டிருக்க அகத்தே ஒன்றுமிராது. மேற்கூரையில்லாத வண்டிக்கு உறுதி தருவது அடிப்பகுதியே ஆதலின், இஃது அழகைப் பற்றிய குறையன்று. விபத்து நேரின் உயிரைப் பற்றியது. 1998-க்குப்பின் வந்த இரண்டாம் வகையில் முன்புறச் சட்டத்தின் தண்டுகளிலும் இக்கேடு காணப்படும். ஆகவே வண்டியை உயரத் தூக்கி அடியில் நின்று பாராதவன் அதனைப் பார்த்தவனாகான்.

வண்டியைப் பார்ப்பதற்கு முன்னே அதன் வரலாற்றைப் பார்த்தல் நன்று. பிரிட்டனில் மூன்றாண்டு நிறைந்த கார்கள் ஆண்டுதோறும் எம்ஓடி என்னும் அரசாங்கப் பரிசோதனைக்கு உட்படவேண்டும். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகியவற்றில் 2005 முதல் நடந்த பரிசோதனைகளின் முடிவை, வண்டியின் எண்ணைக் கொண்டு எவரும் அரசாங்க இணையத்தளத்தில் கட்டணமின்றிக் காணலாம். ஒவ்வோராண்டும் மைல் தொகை எவ்வளவு, எக்குறையால் தவறிற்று, எதனைக் குறித்து எச்சரிக்கப்பட்டது என்பன அங்கே உள்ளன. ஓராண்டில் 110,000 என்றிருந்தது மறு ஆண்டில் 70,000 ஆகுமாயின், குறைந்தது மைல் அன்று, விற்பவனுடைய நேர்மை எனலாம். ஆயின் ஒன்றைக் கருதவேண்டும்: ஜப்பானிலிருந்து இறக்குமதியான வண்டிகளில் கருவி கிலோமீட்டரில் எண்ணும், 120,000 கிலோமீட்டர் என்பது ஏறக்குறைய 75,000 மைலே. அளவு மாறியதைத் திருட்டென்று கொள்ளுதலும் தவறு. பெல்ட்டு, எண்ணெய், பிரேக்கு இவற்றுக்குச் செலவிட்ட ரசீதுகள் ஒரு கட்டாக இருப்பின், விற்பவனுடைய நாவன்மையினும் அக்கட்டு மதிக்கத்தக்கது.

பின்னர் வண்டியண்டை செல்க. இஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே தொடங்கச் செய்க. முன்னமே சூடேற்றி வைத்திருப்பின் ஐயுறுக. புகை நீலமாயின் எண்ணெய் எரிகின்றது. வெண்புகை சூடேறியபின்னும் நில்லாதாயின் குளிர்விக்கும் நீர் உட்புகுகின்றது. கரும்புகை எரிபொருள் மிகுதியைக் காட்டும். தொடக்கத்தில் ‘டிக் டிக்’ என்னும் ஓசை எழுமாயின் அஞ்சவேண்டா. எண்ணெயால் இயங்கும் வால்வுத் தாங்கிகளின் ஒலியாகிய அது, பெரும்பாலும் எண்ணெயை மாற்றினால் அடங்கும். ரேடியேட்டரின் கரிய பிளாஸ்டிக் தலை பழுப்பேறியிருப்பின் அதன் ஆயுள் முடிவை நெருங்கிவிட்டது. இரண்டாம் கியர் குளிரில் முரண்டுமாயின், முன்பு ஓட்டியவர் பொறுமையிலராய் இருந்திருத்தலும் கூடும். நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரெஷனையும் மெக்கானிக்கைக் கொண்டு அளந்து பார்க்க; நான்கும் ஏறக்குறைய ஒத்திருத்தலே நலம். இச்சோதனைக்குக் கூலி கொடுக்கத் தயங்குதல், யானைக்கு விலை கொடுத்தவன் அங்குசத்துக்கு வழக்கிடுவது போலாம்.

இறுதியாகக் கணக்கு. ஓர் இளைஞனிடம் 5,000 பவுன் உளதெனக் கொள்வோம். முதல் வண்டி 70,000 மைல் ஓடியது. விலை 2,000 பவுன். ரசீதில்லை, சில் துருவேறியது. இரண்டாவது 140,000 மைல் ஓடியது. விலை 3,500 பவுன். ரசீதுகள் உள, அடிப்பகுதி உறுதி. முதலாவதற்குத் துருவை வெட்டி இரும்பு பற்றவைத்து வர்ணம் பூச 2,000, பெல்ட்டும் பம்பும் 500, டயர்கள் 400 ஆயின், மொத்தம் 4,900. இரண்டாவதற்கு டயரும் அதிர்ச்சி தாங்கிகளும் 900 ஆயின், மொத்தம் 4,400. இத்தொகைகள் விளக்கத்திற்காக யாம் அமைத்துக்கொண்டவை. ஆயினும் முறை மெய்யானது. குறைந்த மைலும் குறைந்த விலையும் உடைய வண்டியே அதிகச் செலவை விளைத்தது. அன்றியும் முதலாவதை வாங்கியவன் கையில் எஞ்சுவது நூறு பவுன். துருவை வெட்டும்போது இன்னும் ஒரு பகுதி உதிருமாயின் அவன் என் செய்வான்? ஆகவே கையிலுள்ள பணத்தில் மூன்றில் ஒரு பங்கை வண்டிக்கென ஒதுக்கி வைத்து, எஞ்சியதற்குள் அடங்கும் வண்டியையே நாடுதல் தகுதி என்பது எமது கருத்து.

இவ்வளவும் ஆராய்ந்தபின்னும் வினா ஒன்று எஞ்சும். இவ்வண்டி நாளைக் காலையில் ஓடாதாயின் ஊதியம் கெடுமா? வேலைக்குச் செல்ல வேறு வழியின்றி இதனையே நம்பியிருப்பவன், எவ்வளவு நல்லதாயினும் முதிய ஸ்போர்ட்ஸ் காரை இப்பொழுது வாங்காமலிருப்பதே அறிவுடைமை. ஆசை இரண்டாண்டு காத்திருந்தால் கெட்டுப்போவதில்லை. செல்ல வேறு வழியும், செலவுக்கு ஒதுக்கிய பணமும், அடியில் துருவற்ற வண்டியும், அதற்குரிய ரசீதுகளும் ஒருங்கே அமையப் பெற்றவனோ, கருவியில் தோன்றும் பெரிய எண்ணைக் கண்டு பின்வாங்க வேண்டுவதில்லை. அவ்வெண்ணைக் காட்டி விலையைக் குறைத்துக் கேட்டு, வண்டியை வாங்கி, கூரையைத் திறந்து ஓட்டுவானாக.