கிருமியைத் துப்பறியும் தடயவியல்

வெடிகுண்டு வெடித்தால் சத்தம் கேட்கும், இடம் தெரியும், சிதறிய பாகங்களில் தடயமும் கிடைக்கும். கிருமியை ஆயுதமாக்கினால் அப்படியில்லை. நோயாளி மருத்துவமனைக்கு வரும்வரை தாக்குதல் நடந்ததே யாருக்கும் தெரியாமல் போகலாம். அது இயற்கையாக வந்த நோயா, வேண்டுமென்றே பரப்பப்பட்டதா? பரப்பியது யார்? இக்கேள்விகளுக்கு விடை தேடும் துறையே நுண்ணுயிர்த் தடயவியல்.

இத்துறையின் பெரும் சோதனையாக அமைந்தது, 2001ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த ஆந்த்ராக்ஸ் கடிதத் தாக்குதல். செப்டம்பர் 11 தாக்குதல் நடந்த ஒரே வாரத்தில், ஆந்த்ராக்ஸ் தூள் அடங்கிய கடிதங்கள் செய்தி நிறுவனங்களுக்கு அனுப்பப்பட்டன. அக்டோபரில் டாம் டாஷல், பேட்ரிக் லேஹி ஆகிய இரு செனட்டர்களுக்கும் கடிதங்கள் அனுப்பப்பட்டன. 5 பேர் மாண்டனர். 17 பேர் நோயுற்றனர். மாண்டவர்களில் இருவர் வாஷிங்டன் அஞ்சல் ஊழியர்கள்.

முதலில் வழக்கமான வழிகளில் புலனாய்வு நடந்தது. உறைகளில் நியூ ஜெர்சி மாநிலத்தின் டிரெண்டன் முத்திரை இருந்தது. அவ்வட்டாரத்தில் நூற்றுக்கணக்கான அஞ்சல் பெட்டிகளைச் சோதித்தபோது, பிரின்ஸ்டன் நகரின் ஒரு பெட்டியில் கிருமி இருப்பது 2002இல் தெரியவந்தது.

மரபணுச் சோதனை வேறொரு வழியைத் திறந்தது. கடிதத்தில் இருந்தது 'ஏம்ஸ்' என்ற ஆந்த்ராக்ஸ் வகை. 1981இல் டெக்சஸ் மாநிலத்தில் இறந்த ஒரு மாட்டிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, ஆய்வுக்கூடங்களில் பயன்படுத்தப்பட்டு வந்த வகை அது. ஆகவே சந்தேகம் ஆய்வுக்கூடங்களின் பக்கம் திரும்பியது.

ஆனால் எந்த ஆய்வுக்கூடம்? தூளைத் தட்டில் வளர்த்தபோது, சில கிருமித் திட்டுகள் மற்றவற்றிலிருந்து மாறுபட்டுத் தெரிந்தன. அதற்குக் காரணமான மரபணு மாற்றங்களில் நான்கைக் கண்டறியும் சோதனைகள் உருவாக்கப்பட்டன. ஆய்வுக்கூடங்களிலிருந்து திரட்டிய 1,000க்கும் மேற்பட்ட மாதிரிகளில், நான்கு மாற்றங்களும் சேர்ந்திருந்தவை மிகச் சிலவே. அவை அனைத்தும் மேரிலாந்தின் ஃபோர்ட் டெட்ரிக் இராணுவ ஆய்வுக்கூடத்தில் இருந்த 'ஆர்எம்ஆர்-1029' என்ற குடுவையோடு தொடர்புடையவை என்று எஃப்பிஐ கூறியது.

குடுவை கிடைத்தது. ஆனால் அதை அணுகும் வாய்ப்பு பலருக்கு இருந்தது. குடுவைக்குப் பொறுப்பாக இருந்த விஞ்ஞானி புரூஸ் ஐவின்ஸ், குற்றம் சாட்டப்படுவதற்கு முன்பே 2008 ஜூலையில் உயிரை மாய்த்துக்கொண்டார். அவரே தனியாகச் செய்தார் என்று கூறி, 2010இல் வழக்கு முடிக்கப்பட்டது. நீதிமன்றம் அதை விசாரிக்கவே இல்லை. அவருக்கு முன் பல ஆண்டுகள் சந்தேகத்தில் வைக்கப்பட்ட மற்றொரு விஞ்ஞானிக்குத் தொடர்பில்லை என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டு, இழப்பீடும் வழங்க நேர்ந்தது.

2011இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் குழு ஒன்று இச்சோதனைகளை ஆராய்ந்தது. தூள் அக்குடுவையிலிருந்து வந்திருக்கலாம். ஆனால் அறிவியல் ஆதாரத்தை மட்டும் கொண்டு அதை உறுதியாகச் சொல்ல இயலாது என்பதே அதன் முடிவு.

தடயவியல் ஆயிரம் இடங்களைச் சில இடங்களாகக் குறைத்துக் காட்டும். உறையில் தூளை இட்டவர் யார் என்பதை நிறுவ, சாட்சியும் பதிவேடும் வேண்டும். அபாயகரமான கிருமிகளை வைத்திருக்கும் கூடங்கள் பதிவு செய்துகொள்ளவேண்டும், அவற்றைக் கையாள்வோரின் பின்னணி ஆராயப்படவேண்டும் என்று 2002இல் அமெரிக்கா சட்டம் இயற்றியது. குடுவையை யார், எப்போது திறந்தார் என்ற குறிப்பு ஒழுங்காக இருந்தால்தான் குற்றவாளி தப்பமாட்டார், நிரபராதியும் சிக்கமாட்டார்.