நடுவில் நிற்பவரின் குரல்

நம் பங்கைச் சேர்ந்த நூற்பாலை மேற்பார்வையாளர் ஒருவர் ஒரு நாள் மாலை நம்மைக் காண வந்தார். இருபது ஆண்டுகள் தொழிலாளியாக உழைத்துப் பதவி உயர்வு பெற்றவர். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "சாமி, ஒரு பையனுக்கு இரண்டு விரல் போய்விட்டது. நான் வாயைத் திறந்திருந்தால் போயிருக்காது" என்றார்.

நடந்தது இதுதான். பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் எந்திரமொன்றில் காப்பு மூடியின் பூட்டு பழுதடைந்திருந்தது. அவர் அதை அறிவார். வாரந்தோறும் நடைபெறும் கூட்டத்தில், "வேறு ஏதேனும் சொல்ல உண்டா?" என்று மேலாளர் கேட்பது வழக்கம். இரண்டு வாரம் அக்கேள்வி எழுந்தது. இரண்டு வாரமும் இவர் தலைகுனிந்து அமர்ந்திருந்தார். படித்தவர் நடுவே எழுந்து நின்றால் நா எழாது என்னும் அச்சம். மூன்றாம் வாரம் விபத்து நேர்ந்தது. தம் பிரிவிலோ அவர் குரல் எந்திர இரைச்சலையும் மீறி ஒலிக்கும். அவரிடம் ஏச்சு வாங்காத தொழிலாளி இல்லை.

பிறர்க்குப் பயன்படுமெனில் எழுதலாம் என்று அவரே இசைந்ததால் இதனை எழுதுகிறோம். கீழே உள்ளோரிடம் உரத்த குரல், மேலே உள்ளோரிடம் அடைத்த குரல்: இந்நோய் அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று.

இரு திசையும் பேசிய தலைவர்

மேற்பார்வையாளர் நடுவில் நிற்பவர். மேலிருந்து வரும் கட்டளையைக் கீழே கொண்டு சேர்ப்பதும், கீழுள்ள உண்மையை மேலே எடுத்துரைப்பதும் அவர் கடமை. நற்செய்தியில் இத்தகைய ஒருவரைக் காண்கிறோம். கப்பர்நாகூமின் நூற்றுவர் தலைவர், தாம் பிறர் அதிகாரத்துக்கு உட்பட்டவர் என்பதையும், தமக்குக் கீழும் படைவீரர் உண்டு என்பதையும் மறவாதவர். அவர் ஆண்டவரை அணுகியது தமக்கென ஏதும் கேட்பதற்காக அன்று. நோயுற்றுக் கிடந்த தம் ஊழியனுக்காக. அவர் சுருக்கமாகப் பேசினார். ஆயினும் அவருடைய தாழ்மையான சொற்களைத் தழுவியே திருவிருந்துக்கு முன் நாம் ஒவ்வொரு திருப்பலியிலும் மன்றாடுகிறோம். ஓர் ஊழியனுக்காகப் பேசிய ஒரு மேற்பார்வையாளரின் பேச்சு இவ்வாறு திருச்சபையின் செபமாயிற்று!

மோசேயும் நடுவில் நின்றவரே. தாம் திக்குவாயர், பேச்சுத்திறன் அற்றவர் என்று கூறி இறைவனிடமே தப்ப முயன்றார். இறைவன் அவரை விடவில்லை; ஆரோனைத் துணையாகக் கொடுத்துப் பார்வோன் முன் அனுப்பினார். பின்னர்ப் பாலைநிலத்தில், காலை முதல் மாலை வரை மக்களின் வழக்குகளைத் தாம் ஒருவராகவே கேட்டுச் சோர்ந்தபோது, மாமனார் இத்திரோ தடுத்தார்; ஆயிரம், நூறு, ஐம்பது, பத்துப் பேருக்கெனத் தலைவர்களை ஏற்படுத்தி வேலையைப் பகிரச் சொன்னார். மோசே அதனைக் கேட்டு நடந்தார். பிறர் சொல் கேட்கத் தெரிந்தவரே நல்ல தலைவர்.

கீழுள்ளோரிடம்

1981 ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மனித உழைப்பைப் பற்றிச் சுற்றுமடல் விடுத்தார். இளமையில், நாஜிகளின் ஆக்கிரமிப்புக்கு உட்பட்ட போலந்தில் கற்சுரங்கத்திலும் இரசாயன ஆலையிலும் கைவருந்த உழைத்தவர் அவர். செய்யும் வேலையினும் செய்யும் மனிதரே மேலானவர் என்பது அம்மடலின் அடிப்படை.

இதனை ஆலையில் எப்படிக் கடைப்பிடிப்பது? தொழிலாளியைப் பெயர் சொல்லி அழையுங்கள். புதிய வேலையைச் சொல்லுங்கள், செய்து காட்டுங்கள், அவரையும் செய்யச் சொல்லிப் பாருங்கள். தவற்றைத் தனியே அழைத்துத் திருத்துங்கள். நன்மையைப் பலரறியப் பாராட்டுங்கள். ஷிப்டு தொடங்குமுன் இரண்டு நிமிடம் நின்று, "இன்று எந்திரத்தில் என்ன குறை?" என்று கேளுங்கள். ஏசுகின்ற இடத்தில் எவரும் உண்மையைச் சொல்லார். உண்மை வராத இடத்தில் விபத்து வரும்.

மேலுள்ளோரிடமும் அவையிலும்

பேச அஞ்சுவது பாவமன்று. ஆர்ஸ் சிற்றூரின் பங்குக் குரு புனித வியான்னி, பாடுபட்டு மனப்பாடம் செய்த மறையுரையையும் மேடையில் மறந்து தடுமாறியதுண்டு. நாமும் நம் முதல் மறையுரையில் பாதியை விழுங்கியவரே. அன்று கற்ற பாடம்: முழுவதையும் மனப்பாடம் செய்தால் ஒரு சொல் தவறினும் யாவும் தவறும். முதல் வாக்கியத்தையும் இறுதி வாக்கியத்தையும் மட்டும் நெஞ்சில் பதித்துக்கொண்டு, இடையில் வேண்டிய குறிப்புகளை ஒரு சிறு தாளில் எழுதிக்கொள்வது போதும்.

அலுவலகக் கூட்டத்தில் என்ன பேசுவது என்று திகைப்போர்க்கு ஒரு வழி உண்டு. 1925 இல் பெல்ஜியத்தில் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தை நிறுவிய குரு யோசேப்பு கார்டைன், 'காண், தீர்ப்பிடு, செயல்படு' என்னும் முறையை உழைக்கும் இளைஞர்க்குக் கற்பித்தார். 1961 இல் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவானும் தம் சமூகச் சுற்றுமடலில் இம்முறையைப் பரிந்துரைத்தார். அதையே மூன்று வாக்கியங்களாக்கலாம்: நான் கண்டது இது, இதனால் நேரக்கூடியது இது, செய்ய வேண்டியது இது. இதற்குமேல் சொற்பொழிவு தேவையில்லை.

வீட்டில் மனைவி மக்கள் முன் உரக்கப் பேசிப் பழகுங்கள். குடும்பமே முதல் அவை. பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும்! ஆலயத்தில் வாசகம் வாசிக்க முன்வாருங்கள். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்கும்படி நிறுத்தி வாசித்தால், மூச்சும் குரலும் தாமே அடங்கி வரும்.

நம்மிடம் வந்தவர் அப்படித்தான் தொடங்கினார். முதல் ஞாயிறு அவர் கையிலிருந்த தாள் நடுங்கியதைப் பலரும் கண்டனர். சில மாதங்களுக்குப் பின், வேறோர் எந்திரத்தின் மூடி தளர்ந்தபோது, கூட்டத்தில் எழுந்து மூன்று வாக்கியங்கள் பேசினார். "கால் நடுங்கியது சாமி, ஆனால் உட்காரவில்லை" என்றார். அன்று மாலையே பழுது நீக்கப்பட்டது.

போன விரல்கள் திரும்பா. அதை அவரும் அறிவார்; வாரந்தோறும் அவ்விளைஞனின் வீட்டுக்குச் சென்று வருகிறார். தந்தையரே, தாய்மாரே, உங்கள் கையின்கீழ் ஒருவர் உழைத்தாலும் அவருக்காகவும் உங்களுக்கு நாவு அருளப்பட்டுள்ளது. நாளை வேலைக்குப் புறப்படுமுன், நம் சொல்லுக்காக அங்கே காத்திருப்பவர் யார் என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். உழைப்பாளரான புனித சூசையப்பர் நமக்காக மன்றாடுவாராக.