61 நாள் உறக்கம். எழ மறுக்கும் எஞ்சின்

மும்பை வெர்சோவாவிலும் மட் கிராமத்திலும் மழைக்காலத்தில் படகுகள் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு கரையில் கிடப்பதைப் பலர் பார்த்திருக்கலாம். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை. மீன்கள் முட்டையிடும் பருவம் என்பது ஒரு காரணம். கொந்தளிக்கும் கடல் இன்னொன்று. கோலி மக்கள் நாரளி பௌர்ணமியன்று கடலுக்குத் தேங்காய் படைத்துவிட்டுப் புறப்படுவது பழைய வழக்கம்.

தேங்காய் தயார். ஐஸ், டீசல், மளிகை எல்லாம் கடனில் ஏறிவிட்டது. முன்பணம் வாங்கிய ஏழெட்டு ஆட்கள் காத்திருக்கிறார்கள். சாவியைத் திருப்பினால் எஞ்சின் 'டிக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறது!

அந்த வாரத்தில் தாராவித் தமிழர் ஒருவருக்குச் சோறு தின்ன நேரம் இருக்காது. நெல்லைச் சீமைக்காரர்; வடாலா பக்கம் லாரிப் பட்டறையில் தொழில் பழகியவர். லாரிக்காரருக்குப் படகில் என்ன வேலை என்று கேட்கலாம். விசைப்படகுகள் பலவற்றில் ஓடுவது, நம் எண்ணூரில் தொழில் தொடங்கிய அசோக் லேலண்டின் ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின். லாரி எஞ்சினுக்கு அது அண்ணன் தம்பி முறைதான்.

படகில் ஏறியதும் அவர் செய்யும் முதல் காரியம், சாவியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்வது. படகு முதலாளிக்கு, இங்கே 'நாக்வா' என்பார்கள், கோபம் வரும். "ஒரே ஒரு தடவை, அண்ணா" என்று கெஞ்சுவார். இவர் மசிய மாட்டார்.

காரணம் இருக்கிறது. புகைக்குழாய் வழியாக மழைநீரோ கடல்நீரோ சிலிண்டருக்குள் இறங்கியிருக்கலாம். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. அந்த நிலையில் ஸ்டார்ட்டர் முரட்டுத்தனமாகச் சுழற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அரை நாள் வேலை அந்த சீசனையே விழுங்கிவிடும். ஆகவே முதலில் பிளைவீலைக் கடப்பாரையால் நெம்பிக் கையால் சுற்றிப் பார்க்கிறார். சுற்றாவிட்டால் இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு மீண்டும் சுற்றுவார். தண்ணீர் இருந்தால் ஊற்றாகப் பீறிடும். ஆயில் கம்பியை உருவும்போது டீ நிறத்தில் வந்தால் ஆயிலிலும் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். அன்றைக்குப் பயணம் இல்லை.

சுற்றினால் பாதி நிம்மதி. பிறகு பாட்டரி. 12 வோல்ட் பாட்டரி முழு சார்ஜில் 12.6 அளவில் காட்ட வேண்டும். பல நேரம் குற்றவாளி பாட்டரியே அல்ல, முனைகளில் பூத்திருக்கும் வெள்ளை உப்புத்தான். சுரண்டித் துடைத்து வாஸ்லின் தடவினால் 'டிக்' சத்தம் போய் எஞ்சின் சுழலத் தொடங்கும்.

சுழன்றும் பிடிக்கவில்லையா? அவர் புகையைப் பார்க்கிறார். வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. புகையே இல்லை என்றால் டீசலே போகவில்லை. பாதி காலியான டாங்கியில் மழைக்கால ஈரம் தண்ணீராகி அடியில் தங்கும். அதில் கருப்புப் பூஞ்சை வளர்ந்து பில்டரை அடைக்கும். அடித்தண்ணீரை வடித்து, பில்டரை மாற்றி, கைப்பம்பை அடித்துக் குமிழி நிற்கும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை இதுதான்.

ஒருமுறை இரண்டு மணி நேரம் இப்படி அடித்தும் பில்டர்வரை வந்த டீசல், இன்ஜெக்டர் குழாய்க்கு வரவே இல்லை. கூட இருந்த கையாள் பையன் மெதுவாக, "அண்ணாச்சி, ஸ்டாப் கம்பியைப் பாத்தீயளா?" என்றான். துருப்பிடித்த கம்பி, எஞ்சினை நிறுத்தும் நிலையிலேயே சிக்கிக் கிடந்தது! டீசல் எஞ்சினை நிறுத்துவதே எண்ணெயை அடைத்துத்தானே. அண்ணாச்சி அவனைத் திட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்.

எஞ்சின் பிடித்ததும் நாக்வா கைகூப்புவார். அண்ணாச்சியோ படகின் ஓரமாகக் குனிந்து, குளிர்விக்கும் தண்ணீர் வெளியே கொட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். பம்பின் ரப்பர் சக்கரம் இரண்டு மாதத்தில் விறைத்துப்போயிருந்தால் தண்ணீர் வராது. சில நிமிடங்களில் எஞ்சின் கொதித்துவிடும். தண்ணீர் கொட்டிய பிறகே சாவி நாக்வாவின் கைக்குத் திரும்புகிறது.

அதற்குள் பக்கத்துப் படகிலிருந்து "அண்ணா, இங்கேயும் 'டிக்' சத்தம்!" என்று குரல் வந்துவிடும்.