மணல் மூட்டை கல்லாகும் விதம்

பஞ்சிங் பேக்கைக் கடையில் விலை கொடுத்து வாங்குவதைவிட, ஒரு கோணியிலோ கான்வாஸ் பையிலோ ஆற்றுமணலை நிரப்பி மாடியில் தொங்கவிட்டுக் குத்திப் பழகினால் போதாதா என்னும் கேள்வி, 1970களின் வடசென்னைக் குத்துச்சண்டையைக் களமாகக் கொண்ட 'சார்பட்டா பரம்பரை' திரைப்படம் 2021இல் வெளிவந்தது முதல் வீட்டில் உடற்பயிற்சிக்கூடம் அமைக்க விரும்புவோரிடையே உலவிவருகிறது. போதாது என்பதே விடை. ஆனால் அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் 'மணல் அதிகக் கனம்' என்ற காரணம் பாதி உண்மைதான். 30 செ.மீ. விட்டமும் ஒரு மீட்டர் உயரமும் கொண்ட உருளைப் பையின் கொள்ளளவு சுமார் 70 லிட்டர். அதில் கந்தல் துணியை இறுகத் திணித்தால் ஏறத்தாழ 30 கிலோவும், உலர்ந்த மணலைக் கொட்டினால் 110 கிலோவும் நிற்கும். கனம் மட்டுமே சிக்கல் என்றால் பையைச் சிறிதாகத் தைத்துத் தீர்த்துவிடலாம். எவ்வளவு சிறிய பையாக இருந்தாலும் மணல் நாளடைவில் கல்லைப்போல இறுகிவிடுகிறதே, அதுதான் தீராத சிக்கல்.

இறுக்கத்தால் கைக்கு என்ன கேடு என்பதை உந்தக் கணக்கு ஒரே வரியில் காட்டிவிடும். மோதலில் உண்மையாகப் பங்குகொள்ளும் கையின் நிறையை 3 கிலோ என்றும், முட்டியின் வேகத்தை நொடிக்கு 8 மீட்டர் என்றும் கொண்டால், அந்த முட்டி 10 மில்லிநொடியில் நிறுத்தப்படும்போது அதன்மீது விழும் சராசரி விசை 2,400 நியூட்டன். 5 மில்லிநொடியில் நிறுத்தப்பட்டால் அது 4,800 நியூட்டன். இவை கற்பனை எல்லைக்குள் அடங்காத எண்கள் அல்ல. பிரிட்டனின் ஹெவிவெயிட் வீரர் பிராங்க் புருனோவின் குத்தை, அளவுகருவி பொருத்திய ஊசல் ஒன்றின்மீது விழச்செய்து 1985இல் அளந்தபோது, முட்டியின் வேகம் நொடிக்கு 8.9 மீட்டராகவும் உச்ச விசை 4,096 நியூட்டனாகவும் இருந்தன. குத்தும் விசைக்குச் சமமான விசை முட்டிக்கும் திரும்புவதால், பயிற்சியற்றவர் கடினமான பொருளைக் குத்தும்போது முதலில் முறிவது பெரும்பாலும் சுண்டுவிரலுக்கு அடியில் உள்ளங்கைக்குள் ஓடும் எலும்பின் கழுத்துப்பகுதி. மருத்துவர்கள் அதைக் குத்துச்சண்டைக்காரர் முறிவு என்றே அழைக்கிறார்கள்.

இனி மணலுக்கு வரலாம்; இந்தப் பொருளில் மெய்யாகவே சுவையானது அதுதான். அரிசியைப் படியால் அளந்து விற்ற காலத்தில் கடைக்காரரும் வாங்குபவரும் நடத்திய மௌனப் போராட்டத்தை அறிந்தவர்களுக்கு மணலின் இயல்பை விளக்கவே தேவையில்லை. கடைக்காரர் அரிசியை மெல்லச் சரித்துப் படியை நிரப்பி, தலை தட்டி நீட்டுவார். வாங்க வந்தவர் படியின் விலாவில் இரண்டு தட்டுத் தட்டியதும் அரிசி ஒரு விரற்கடை இறங்கிவிடும், கடைக்காரர் முகம் சுருங்கும். ஒரே அளவுள்ள உருண்டைகளைத் தாறுமாறாகக் கொட்டினால் கொள்ளளவில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை மட்டுமே அவை நிரப்பும், குலுக்கி அமர்த்தினால் 64 வரை ஏறும், ஒவ்வொன்றாக ஒழுங்காக அடுக்கினால்தான் 74ஐத் தொடும் என்பதே அந்தப் போராட்டத்தின் இயற்பியல். மணல் மூட்டையில் நிரப்பியவர் கடைக்காரர், குத்துபவர் படியைத் தட்டும் வாடிக்கையாளர். இருவரும் ஒருவரே என்பதால் லாபமும் நட்டமும் ஒரே வீட்டில் தங்குகின்றன. ஒப்புமையை இன்னும் இழுப்பதானால், ஈரம் பட்ட அரிசி ஒட்டிக்கொண்டு அமர மறுப்பதைப்போல ஈரமணலும் தொடக்கத்தில் அமர மறுக்கும். அது உலர்ந்த பிறகு திடீரென்று இறங்கி, மூட்டையின் மேல்பகுதியை வெறும் துணியாக விட்டுவிடும்.

இந்த அமர்தல் எப்போது முடியும் என்றால், நடைமுறையில் முடியவே முடியாது. சிகாகோ பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் 1995இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணாடி மணிகள் நிரப்பிய குழாயைப் பல்லாயிரம் முறை தட்டிப் பார்த்தபோதும் அடர்த்தி கூடிக்கொண்டே போனது. ஆனால் அது மடக்கை முறையில் கூடியது, அதாவது பத்தாம் தட்டிலிருந்து நூறாம் தட்டுக்குள் கிடைத்ததற்கு நிகரான இறுக்கத்தை மறுபடி பெற ஆயிரமாவது தட்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு மணி புதிதாக நுழைவதற்குப் போதுமான வெற்றிடம் உருவாக, அருகிலுள்ள பல மணிகள் ஒரே நேரத்தில் விலகிக்கொடுக்க வேண்டும். கூட்டம் நெருங்க நெருங்க அத்தகைய தற்செயல் அரிதாகிவிடுகிறது. முதல் வாரத்தில் இதமாக இருந்த மணல் மூட்டை பிறகு கையைப் பதம்பார்ப்பதும், பிறகு ஆண்டுக்கணக்கில் மெதுவாக மேலும் மோசமாகிக்கொண்டே போவதும் இதனால்தான்.

நெருங்கிய மணல் ஏன் கல்லாக நடந்துகொள்கிறது என்பதற்குப் பொறியியலாளர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1885இல் விடை கூறினார். இறுக அமர்ந்த மணிகள் ஒன்றையொன்று கடந்து நகர வேண்டுமானால், ஒவ்வொன்றும் தன் அண்டை மணியின்மீது ஏறி இறங்க வேண்டும். ஏறும்போது மொத்தக் குவியலும் பருத்தாக வேண்டும். உருக்குலைந்தால் பருமன் கூடும் இந்தப் பண்பையே அவர் விரிவுறுதல் என்னும் பொருளில் பெயரிட்டார். அலை திரும்பிய ஈரமணலில் கால் வைத்தவுடன் பாதத்தைச் சுற்றிய மணல் நொடிப்பொழுது வெளுத்து உலர்ந்ததுபோலத் தோன்றுவதும் இதன் விளைவுதான்: மிதிபட்ட மணல் பருக்கிறது, புதிதாகத் திறந்த இடுக்குகளுக்குள் மேற்பரப்பின் நீர் இறங்கிவிடுகிறது. கடற்கரை மணலுக்குப் பருப்பதற்கு இடமுண்டு; பைக்குள் இருக்கும் மணலுக்கு இல்லை. மேலிருந்து அழுத்தும் பாரத்தால் பையின் கீழ்ப்பாதித் துணி ஏற்கெனவே விம்மி இழுபட்டு நிற்பதால், முட்டி பதியும் இடத்தில் மணல் பருக்க முயலும்போது துணி அதை உள்நோக்கி நெருக்குகிறது, நெருக்கப்பட்ட மணிகளிடையே உராய்வு கூடுகிறது, உராய்வு கூடியதால் மணிகள் பூட்டிக்கொள்கின்றன. குத்து எவ்வளவு பலமானதோ அவ்வளவுக்குப் பூட்டும் இறுகும்.

வரலாறு இதில் பெரிதாக உதவவில்லை. கிரேக்க மல்லர்கள் கோரிகோஸ் என்னும் தோல்பையைத் தொங்கவிட்டுப் பழகினார்கள் என்பதும், வலுக்குறைந்தோருக்கு அத்தி விதையோ மாவோ, வலியோருக்கு மணலோ நிரப்ப வேண்டும் என்று ஆண்டில்லஸ் என்ற மருத்துவர் எழுதிவைத்தார் என்பதும் தெரிந்தவை. ஆனால் மணலின் இறுக்கத்தை எப்படிச் சமாளிப்பது என்பதற்கு இவற்றில் விடையில்லை.

கந்தல் துணி தப்பிப்பது எளிய காரணத்தால். பருத்தி இழை நீரைவிட ஒன்றரை மடங்கு அடர்த்தியானது. பையில் திணித்த கந்தலோ நீரின் அடர்த்தியில் பாதியைக்கூட எட்டுவதில்லை. ஆகவே அந்த மூட்டையில் மூன்றில் இரண்டு பங்கு காற்று, இழைகள் வளைந்து கொடுத்து முட்டியை மெதுவாக நிறுத்துகின்றன. திருப்பூர் ஆலைகளிலிருந்து பட்டறைகளுக்குத் துடைக்க வரும் பனியன் வேஸ்ட் இதற்கு மிகவும் பொருத்தமானது, ஏனெனில் பின்னல் துணியின் கண்ணிகள் நெய்த துணியைவிட நன்றாக நீண்டு மீள்கின்றன. பழைய சட்டை, கால்சட்டைகளைப் போடுவதானால் பொத்தான், ஜிப், கொக்கி அனைத்தையும் வெட்டி எடுத்துவிட வேண்டும். கூடுதல் கனம் தேவைப்படுவோர் ஐந்து கிலோவுக்கு மேற்படாமல் மணலைச் சிறு பைகளில் கட்டி, துணி சூழ நடு அச்சில் வைக்கலாம். அங்கே மணல் கனத்தை மட்டும் தரும், முட்டியைச் சந்திக்காது. கந்தலும் காலப்போக்கில் அடியில் சேரும் என்பதால் மூட்டையைச் சில மாதங்களுக்கு ஒருமுறை அவிழ்த்துக் கொட்டி, உதறித் திணிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

குத்தின் விசையைக் கைபேசியில் காட்டுவதாகச் சொல்லும் உணரிகள் இப்போது மூட்டையின்மீது கட்டுவதற்கென்றே விற்கப்படுகின்றன. அவற்றுள் மூட்டையின் முடுக்கத்தை அளப்பவை, நடுவில் விழுந்த குத்துக்கும் ஓரத்தில் விழுந்த அதே குத்துக்கும் வெவ்வேறு எண்ணைக் காட்டக்கூடும். திரையில் தோன்றும் எண்ணுக்கு இரண்டு தசமப் புள்ளிகள் இருப்பதால் அது துல்லியமாகிவிடாது.

அந்தப் பணத்தைத் தொங்கவிடும் கொக்கிக்குச் செலவிடுவது மேல். 60 பாகை வரை விலகிய ஊசல் திரும்பி அடிப்புள்ளியைக் கடக்கும்போது சங்கிலி தாங்கவேண்டிய இழுவிசை அதன் எடையைப்போல இருமடங்கு, ஆகவே 30 கிலோ மூட்டை அந்தக் கணத்தில் 60 கிலோவாகிறது. கீழிருந்து மேலாகக் குத்தும்போது சங்கிலி தொய்ந்து மறுபடி விறைக்கும் உலுக்கல் அதனினும் கடுமையானது. சில கிலோ எடையுள்ள மின்விசிறிக்கெனப் பதித்த கொக்கி இதற்கு உகந்ததன்று. கான்கிரீட் உத்தரத்தைச் சுற்றிப் பிடிக்கும் இரும்புப் பட்டையும், சங்கிலிக்கு நடுவே இரண்டு மூன்று மடிப்பாகக் கட்டிய பழைய லாரி டியூப் துண்டும் இருந்தால், உலுக்கலில் பெரும்பகுதியை ரப்பர் வாங்கிக்கொள்ளும். டியூப் அறுந்தால் மூட்டை விழாதிருக்க, அதற்கு இணையாகத் தொய்வான சங்கிலி ஒன்றையும் மாட்டிவைக்க வேண்டும்.