இழுப்பது எளிது, நிறுத்துவது?

பிசான அறுவடைக் காலத்தில் அம்பாசமுத்திரத்திலிருந்து மணிமுத்தாறு செல்லும் பக்கம் போனால், நெல் மூட்டைகளை ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு டிராக்டர்கள் வயலிலிருந்து கால்வாய்க் கரைமேல் ஏறுவதைக் காணலாம். வேடிக்கை பார்ப்பவர்கள் எஞ்சினின் வலிமையை வியப்பார்கள். ஆனால் அவர்கள் கவனிக்க வேண்டியது அந்த வண்டி கரையிலிருந்து கீழே இறங்கும்போதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிராக்டரின் எடை 2,000 கிலோ, சுமையுடன் நான்கு சக்கர டிரெய்லர் 5,000 கிலோ என்று கொள்வோம். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் ஏற்றத்தில், மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில் இதை மேலே கொண்டு செல்லச் சுமார் 25 குதிரைத்திறன் இருந்தால் போதும். சிறு கியரில் வேகத்தை விட்டுக்கொடுத்து விசையைப் பெற்றுக்கொள்கிறோம், அவ்வளவே. சாதாரண டிராக்டரின் டீசல் எஞ்சினுக்கு இது பெரிய காரியமன்று.

இனி இறக்கத்திற்கு வருவோம். டிராக்டரில் பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டுமே உண்டு. அவற்றின்மேல் விழும் எடை 1,300 கிலோ. உலர்ந்த தரையில் உராய்வுக் கெழு 0.6 என்றால், கிடைக்கக்கூடிய அதிகபட்சத் தடைவிசை சுமார் 7,800 நியூட்டன். மணிக்கு 18 கிலோமீட்டரில், அதாவது விநாடிக்கு 5 மீட்டரில், சமதரையில் தனியே ஓடும் டிராக்டர் இந்த விசையால் மூன்று மீட்டரில் நின்றுவிடும். டிரெய்லரையும் பூட்டினால் அதே விசை 7,000 கிலோவை நிறுத்தியாக வேண்டும். அதற்குப் பதினோரு மீட்டர் தேவை.

அதே ஏற்றத்தில் இப்போது இறங்குகிறோம். புவிஈர்ப்பு விசை வண்டியைக் கீழ்நோக்கி 7,000 நியூட்டனால் தள்ளும். பிரேக்கின் 7,800 நியூட்டனில் மிஞ்சுவது 800 மட்டுமே! நிற்பதற்கு நூறு மீட்டருக்கு மேல் ஆகும். சக்கரங்களின் உருள்தடை சுமார் 1,400 நியூட்டன் கைகொடுத்தாலும் நாற்பது மீட்டராவது வேண்டும். தூறல் விழுந்து உராய்வுக் கெழு 0.4 ஆகிவிட்டால், பிரேக்கும் உருள்தடையும் சேர்ந்தே 6,600 நியூட்டன்தான். வண்டி நிற்கவே நிற்காது. ஓட்டுநர் என்னதான் மிதித்தாலும் பயனில்லை.

ஆகவே டிரெய்லருக்குத் தனி பிரேக் தேவை. அமெரிக்காவில் பிக்கப் வண்டிகளின் பின்னே பூட்டும் பெரிய டிரெய்லர்களில் மின்பிரேக் இருக்கும். இணைப்பு அறுந்து டிரெய்லர் தனியே ஓடத் தொடங்கினால் பிரேக் தானாகவே விழுந்துவிடும். நம்மூரில் பிரேக் இல்லாத டிரெய்லரை வாங்கிப் பணம் மிச்சம் என்று மகிழ்பவர்களைப் பார்க்கும்போது, இந்தக் கணக்கை ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கலாமா என்று தோன்றும்.

மற்றொன்று, டீசல் மிச்சமாகும் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கம். அப்படிச் செய்தால் எஞ்சின் சக்கரங்களிலிருந்து விடுபட்டுவிடும். ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அதே கியர் என்பது நல்ல விதி. அப்போது சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்ற வேண்டியிருப்பதால் வேகம் கட்டுக்குள் நிற்கும். டிராக்டரில் இடது, வலது சக்கரங்களுக்கு இரண்டு பிரேக் மிதிகள் இருப்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வயலில் சட்டெனத் திரும்ப அது உதவும். சாலையில் இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிட வேண்டும். இல்லையேல் ஒரு சக்கரம் மட்டும் பிடித்து டிராக்டர் குறுக்கே திரும்பும். பின்னிருந்து டிரெய்லர் தள்ள, இரண்டும் மடங்கிக் கவிழும்.

டிரெய்லரைப் பூட்டும் கொக்கியின் உயரமும் உயிர்ப்பிரச்சினையே. சேற்றில் சிக்கிய டிரெய்லரை 1,000 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் இழுப்பதாகக் கொள்வோம். முன், பின் சக்கரங்களுக்கிடையே தூரம் இரண்டு மீட்டர். கொக்கி தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இருந்தால், முன்சக்கரங்களின்மேல் உள்ள 700 கிலோவில் 250 குறையும். சங்கிலியை ஒரு மீட்டர் உயரத்தில், பின் அச்சுக்கும் மேலே கட்டினால் 500 குறையும். மிச்சம் 200 கிலோ. கரைச் சரிவும் சேர்ந்து, கிளட்சையும் திடீரென விட்டால், முன்சக்கரம் மேலே எழும்பி டிராக்டர் ஓட்டுநர்மேல் மல்லாந்து விழும். அவர் குதிக்க நேரம் இராது.

இரண்டு சக்கர டிரெய்லரானால், மூட்டைகளை அச்சுக்குச் சற்று முன்னே தள்ளி அடுக்க வேண்டும். சுமையில் ஒரு பங்கு கொக்கியின்மேல் அமர்ந்து பின்சக்கரங்களுக்குப் பிடிப்பைக் கூட்டும். பின்பக்கம் பாரம் ஏறினால் கொக்கி மேலே தூக்கப்படும். டிரெய்லரும் வாலாட்டத் தொடங்கும்.