விசா இருக்கு, ஸ்டேட்டஸ் இருக்கா? தம்பியோட கல்விக் கடன்ல கையெழுத்துப் போட்டவங்க தெரிஞ்சுக்க வேண்டியது



ஜூலை, ஆகஸ்ட் மாசம் வந்தா நம்ம விழுப்புரம், திண்டிவனம் பக்கம் ஒரு காட்சியைப் பாக்கலாம். ராத்திரி பத்து மணிக்கு ஒரு இன்னோவா கிளம்பும். டிக்கியில ரெண்டு பெரிய பெட்டி, குக்கர், பருப்புப் பொடி, இட்லிப் பொடி. வண்டி முழுக்க சொந்தக்காரங்க. மீனம்பாக்கத்துல தம்பியை அமெரிக்காவுக்கு ஏத்தி விட்டுட்டு விடியக்காலைல திரும்பி வருவாங்க.

அந்த வண்டியில ஒருத்தர் மட்டும் கொஞ்சம் அமைதியா உக்காந்திருப்பார். கல்விக் கடன் பேப்பர்ல இணைக் கடனாளியா கையெழுத்துப் போட்ட அக்காவோ அண்ணனோதான் அது. மாசச் சம்பளம், பே ஸ்லிப், நல்ல சிபில் ஸ்கோர் எல்லாம் இருந்ததால பேங்க் அவங்களைக் கேட்டுச்சு.

இந்தக் கட்டுரை அவங்களுக்காக. தம்பி அங்க நல்லாப் படிக்கிறானான்னு கேக்கறோம், சாப்பிட்டானான்னு கேக்கறோம். "உன் ஸ்டேட்டஸ் சரியா இருக்கா?"ன்னு யாரும் கேக்கறதில்ல. ஸ்டேட்டஸ் போனா படிப்பு நிக்கும், ஆனா லோன் நிக்காது.

விசா வேற, ஸ்டேட்டஸ் வேற

நிறைய பேர் குழம்புற இடம் இதுதான். "பாஸ்போர்ட்ல அஞ்சு வருஷத்துக்கு விசா ஸ்டாம்ப் இருக்கு, அப்புறம் என்ன பயம்?"னு நினைப்பாங்க.

திண்டிவனத்துலேர்ந்து விழுப்புரம் போறப்ப விக்கிரவாண்டி டோல்கேட் வரும். ஃபாஸ்டேக்ல பணம் இருந்தா கேட் திறக்கும். ஆனா கேட்டைத் தாண்டிட்டோம்ங்கறதுக்காக லைசென்ஸ் இல்லாம, இன்சூரன்ஸ் இல்லாம ஓட்டலாமா? விசா அந்த ஃபாஸ்டேக் மாதிரி, உள்ள நுழையறதுக்கு மட்டும். உள்ள போனப்புறம் ஒவ்வொரு நாளும் விதிப்படி இருக்கிறதுக்குப் பேருதான் ஸ்டேட்டஸ்.

இந்த ஸ்டேட்டஸ் 'செவிஸ்'ங்கற அமெரிக்க அரசோட கணினிப் பதிவுல இருக்கு. அதனால விசா ஸ்டாம்ப் காலாவதி ஆனாலும் ஸ்டேட்டஸ் சரியா இருந்தா அங்கயே இருந்து படிப்பை முடிக்கலாம். வெளிய போய்ட்டு திரும்ப வரத்தான் புது ஸ்டாம்ப் வேணும். அதே மாதிரி, ஸ்டாம்ப்ல நாலு வருஷம் பாக்கி இருந்தாலும் செவிஸ் பதிவு முடிவுக்கு வந்துட்டா ஸ்டேட்டஸ் போச்சு.

எஃப்-1 ஆ, ஜே-1 ஆ?

சொந்தப் பணத்துலயோ லோன் போட்டோ எம்எஸ் போறவங்க பெரும்பாலும் எஃப்-1. அவங்க கையில இருக்கிற முக்கியமான பேப்பர் ஐ-20.

பரிமாற்றத் திட்டத்துல போறவங்க ஜே-1. ரெண்டு கல்லூரிகளுக்கு இடையில எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருந்து ஒரு செமஸ்டர் போறவங்க, ஃபுல்பிரைட்-நேரு மாதிரி உதவித்தொகையில போறவங்க எல்லாம் இதுல வருவாங்க. அவங்க பேப்பர் டிஎஸ்-2019. செவிஸ் கட்டணமே வேற வேற. எஃப்-1க்கு 350 டாலர், ஜே-1க்கு 220 டாலர். விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர் தனி.

விழுப்புரத்துலயும் திண்டிவனத்துலயும் அண்ணா பல்கலைக்கழகத்தோட பொறியியல் உறுப்புக் கல்லூரிகள் இருக்கு. அங்க படிச்சு முடிச்சு வெளிநாடு போக நினைக்கிற முதல் தலைமுறைப் பசங்களுக்கு வீட்ல இதைச் சொல்லித்தர ஆள் இருக்காது. அதனால தம்பி எந்த விசாவுல போறான்னு முதல்ல கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க. விதிகள் ஒண்ணு போலத் தெரிஞ்சாலும் ஒண்ணு இல்ல.

ஸ்டேட்டஸ் எங்க உடையும்?

1. பாடச் சுமை. ஒவ்வொரு செமஸ்டரும் முழுநேர மாணவனா இருக்கணும். இளநிலைக்கு எஃப்-1ல குறைந்தது 12 கிரெடிட். முதுநிலைக்குக் கல்லூரியே ஒரு அளவு வச்சிருக்கும். ஒரு பாடம் கஷ்டமா இருக்குன்னு கைவிடலாம், ஆனா முதல்ல சர்வதேச மாணவர் அலுவலகத்துல அனுமதி, அப்புறம்தான் டிராப். இந்த வரிசை மாறினா பிரச்சினை.

2. வேலை. கேம்பஸ்க்குள்ள, கல்லூரி நடக்கிற நாட்கள்ல வாரம் 20 மணி நேரம்தான். எஃப்-1ல கேம்பஸ்க்கு வெளிய வேலைன்னா சிபிடி, ஓபிடி மாதிரி முறையான அனுமதி வேணும். ஜே-1ல கேம்பஸ்க்குள்ள வேலை பாக்கவே ஸ்பான்சரோட பொறுப்பு அதிகாரி முன்கூட்டியே எழுத்துல அனுமதி தரணும். "தெரிஞ்ச அண்ணன் ஹோட்டல், கையில கேஷ்"ங்கற கதைதான் ரொம்ப ஆபத்து. விட்டுட்டு வந்த சென்னைக் கம்பெனிக்கு அங்கேர்ந்தே ரிமோட்டா வேலை பாக்கறதும் அப்படித்தான். அலுவலகத்துல கேக்காம ஆரம்பிக்கவே கூடாது.

3. முகவரி. வீடு மாறினா 10 நாளுக்குள்ள சொல்லணும். ரூம்மேட்டோட சண்டை போட்டு வேற வீடு போறவங்க மறக்கிற விஷயம் இது.

4. தேதி. ஐ-20லயோ டிஎஸ்-2019லயோ படிப்பு முடியற தேதி போட்டிருக்கும். நீட்டிப்பு வேணும்னா அந்தத் தேதிக்கு முன்னாடியே வாங்கணும். படிப்பு முடிஞ்சதும் கிளம்பறதுக்கு எஃப்-1க்கு 60 நாள், ஜே-1க்கு 30 நாள். பையன் ஜே-1, டிக்கெட் போட்டது எஃப்-1 நண்பனைக் கேட்டு. இப்படித்தான் தப்பு நடக்கும்.

5. இன்சூரன்ஸ். இது ஜே-1க்கு சட்டப்படியே கட்டாயம். ஒரு நோய்க்கோ விபத்துக்கோ குறைந்தது 1,00,000 டாலர் கவரேஜ், மருத்துவ காரணத்துக்காக ஊருக்குக் கொண்டு வர 50,000 டாலர், இறந்தா உடலைக் கொண்டு வர 25,000 டாலர் இருக்கணும். நம்ம கையிலேர்ந்து கட்டுற பங்கு ஒரு முறைக்கு 500 டாலரைத் தாண்டக் கூடாது. வேணும்னே எடுக்காம விட்டா ஸ்பான்சர் திட்டத்தையே முடிச்சு வச்சிருவாங்க. சீப்பா கிடைக்குதேன்னு நம்ம ஊர்ல எடுக்கிற டிராவல் பாலிசி இந்த அளவுகளைத் தொடுதான்னு பாத்துட்டுப் பணம் கட்டுங்க.

6. ஊருக்கு வந்து போறது. பொங்கலுக்கோ அக்கா கல்யாணத்துக்கோ வர்றதுக்கு முன்னாடி அந்தப் பேப்பர்ல பயணக் கையெழுத்து இருக்கான்னு பாக்கணும். படிக்கிற காலத்துல பொதுவா ஒரு வருஷம்தான் அது செல்லும்.

"அட்டெண்டன்ஸ் வேண்டாம்"னு சொல்ற காலேஜ்

2011 ஜனவரியில கலிஃபோர்னியாவுல பிளெசண்டன் நகரத்துல இருந்த ட்ரை-வேலி பல்கலைக்கழகத்துல அதிகாரிகள் சோதனை போட்டாங்க. மாணவர்கள்ல பெரும் பங்கு இந்தியர்கள். வகுப்புக்குப் போகாமலே விசாவை வச்சுக்கிற இடமா அது இருந்துச்சு. சில இந்திய மாணவர்களோட கால்ல கண்காணிப்புக் கருவி மாட்டினாங்க. நம்ம நாட்டுல பெரிய சர்ச்சையாச்சு. அதை நடத்தினவங்களுக்கு 2014ல 16 வருஷத்துக்கும் மேல சிறைத் தண்டனை கிடைச்சுது.

2019 ஜனவரியில இன்னொண்ணு வெளிய வந்துச்சு. மிச்சிகன்ல ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம். அதை நடத்தினதே அமெரிக்கக் குடியேற்றத் துறை அதிகாரிகள், மாறுவேஷத்துல. வகுப்பும் கிடையாது, வாத்தியாரும் கிடையாது. அங்க சேந்தவங்கள்லயும் பெரும்பாலும் இந்தியர்கள். பீஸ் கட்டின பணமும் போச்சு, ஸ்டேட்டஸும் போச்சு.

ரெண்டுலயும் பாடம் ஒண்ணுதான். "பீஸ் கம்மி, கிளாஸ் வர வேண்டாம், முழுநேரமா வேலை பாக்கலாம்"னு யாராவது சொன்னா அது சலுகை இல்ல. 2025 மே மாசம் இந்தியாவுல இருக்கிற அமெரிக்கத் தூதரகமே சொல்லுச்சு: படிப்பை நிறுத்தினாலோ, வகுப்புக்குப் போகலைன்னாலோ, கல்லூரிக்குச் சொல்லாம வெளியேறினாலோ விசா ரத்தாகலாம்னு.

ஜே-1ல இருக்கிற ரெண்டு வருஷ விதி

சில ஜே-1 மாணவர்கள் படிப்பு முடிஞ்சதும் மொத்தமா ரெண்டு வருஷம் சொந்த நாட்டுல இருந்தாகணும். அதுவரைக்கும், அல்லது விலக்கு வாங்கற வரைக்கும், எச்-1பி, கிரீன் கார்டு கிடைக்காது.

முன்னாடி படிக்கிற துறையைப் பொறுத்து நிறைய இந்தியர்கள் இதுல மாட்டினாங்க. 2024 டிசம்பர்ல அந்தத் துறைப் பட்டியல்லேர்ந்து இந்தியாவை எடுத்துட்டாங்க. ஆனா அரசு நிதியில போறவங்களுக்கு, உதாரணமா ஃபுல்பிரைட், விதி அப்படியேதான் இருக்கு.

இது ஏன் ஒரு பணக் கட்டுரையில? "அங்க வேலை கிடைச்சு டாலர்ல கடனை அடைச்சிடுவான்"ங்கறதுதான் நம்ம திட்டம். தம்பிக்கு இந்த விதி இருந்தா, அந்த ரெண்டு வருஷமும் ரூபாய்ச் சம்பளத்துல இஎம்ஐ கட்டற மாதிரி கணக்குப் போடணும்.

இப்ப உங்க கணக்கு

40 லட்சம் லோன், 11% வட்டின்னு வச்சுக்குவோம். எளிமைக்காக முழுத் தொகையும் முதல் நாளே எடுத்ததா நினைச்சுக்கோங்க. படிப்பு ரெண்டு வருஷம், அதுக்கப்புறம் ஆறு மாசம் அவகாசம். இந்த ரெண்டரை வருஷத்துல தனி வட்டி மட்டும் 11 லட்சம். கடன் 51 லட்சமா நிக்கும். 10 வருஷத்துல அடைக்க இஎம்ஐ ஏறக்குறைய 70,250 ரூபாய்.

இடையிலேயே ஸ்டேட்டஸ் போய் 20 லட்சம் எடுத்த நிலையில தம்பி திரும்பி வந்துட்டா? வட்டியைக் கணக்குல சேக்காமலே 10 வருஷ இஎம்ஐ ஏறக்குறைய 27,550. உங்க சம்பளம் 45,000னா பாதிக்கு மேல போயிடும். படிப்பு நின்னா அவகாசமும் அதோட முடியுதான்னு உங்க கடன் ஒப்பந்தத்துல படிச்சுப் பாருங்க. தவணை தவறினா அடிபடுறது தம்பி சிபில் மட்டும் இல்ல, உங்களோடதும்தான். நாளைக்கு நீங்க வீட்டுக் கடன் கேக்கறப்ப இது முன்னாடி வந்து நிக்கும்.

இன்னும் மூணு விஷயம்:

வரி: கல்விக் கடன் வட்டிக்கு நாம 80இ-ன்னு பழகின கழிவு தனக்காக, கணவன் மனைவிக்காக, பிள்ளைகளுக்காக, சட்டப்படி பாதுகாவலரா இருக்கிற மாணவருக்காக எடுத்த கடனுக்குத்தான். தம்பி, தங்கைக்காகக் கட்டற வட்டிக்குக் கிடைக்காது. புது வரி முறையில யாருக்குமே கிடையாது.

பணம் அனுப்பறது: பேங்க் கல்விக் கடன் மூலமாப் போற பணத்துக்கு 2025 ஏப்ரல் 1லேர்ந்து டிசிஎஸ் பிடித்தம் இல்ல. சொந்தப் பணம்னா ஒரு நிதியாண்டுல 10 லட்சம் வரைக்கும் பிடிக்க மாட்டாங்க.

கணக்கு: வெளிநாடு போய்ப் படிக்கிற மாணவரை ரிசர்வ் வங்கி என்ஆர்ஐ-யாத்தான் பாக்குது. தம்பியோட இங்க இருக்கிற சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்கா மாத்தணும்.

நீங்க செய்ய வேண்டியது

ஐ-20 இல்லைன்னா டிஎஸ்-2019ஓட நகல் ஒண்ணு உங்ககிட்ட இருக்கட்டும். அதுல இருக்கிற முடிவுத் தேதியை உங்க போன் காலண்டர்ல மூணு மாசம் முன்னாடியே நினைவூட்டலா போடுங்க. ஒரு திரும்பற டிக்கெட் காசும், ஆறு மாச வட்டியும் தனியா ஒரு எஃப்டியில இருக்கட்டும். முடிஞ்சா படிக்கிற காலத்துலயே வட்டியைக் கட்டிடுங்க. மேல சொன்ன 40 லட்சத்துக்கு மாசம் ஏறக்குறைய 36,700 வரும். அது முடியலைன்னா பாதியாவது கட்டலாம்.

மாசம் ஒரு தடவை போன்ல மூணே கேள்வி கேளுங்க: "எல்லாப் பாடத்துலயும் பதிவு ஆகியிருக்கா? வேலை பாக்கறதுக்கு அனுமதி இருக்கா? வீடு மாறினியா?"

எல்லாத்தையும் விட முக்கியமா, கிளம்பறதுக்கு முன்னாடியே தம்பிகிட்ட ஒண்ணு சொல்லிடுங்க. "தப்பு நடந்தா அன்னிக்கே எனக்குச் சொல்லு, திட்ட மாட்டேன்." பசங்க வீட்டுக்குப் பயந்து மறைக்கிறாங்க. ஒரு பாடத்துல ஃபெயில் ஆனதை மறைக்க அடுத்த செமஸ்டரே பதிவு பண்ணாம விட்டா, சின்னத் தப்பு பெரிய தப்பாகும். எஃப்-1ல ஸ்டேட்டஸ் போச்சுன்னா திரும்பப் பெற விண்ணப்பிக்கலாம், ஆனா பொதுவா அஞ்சு மாசத்துக்குள்ள. ஜே-1ல ஸ்பான்சரைத்தான் உடனே பாக்கணும். ரெண்டுலயும் ஒவ்வொரு நாள் தாமதமும் வழியைக் குறைக்கும்.

விதிகள் மாறிட்டே இருக்கு. படிப்பு முடியற வரைக்கும் இருக்கலாம்ங்கற முறைக்குப் பதிலா அதிகபட்சம் நாலு வருஷம்னு வரம்பு வைக்க 2025 ஆகஸ்ட்ல அமெரிக்க அரசு முன்மொழிஞ்சுது. அதனால வாட்ஸ்அப் குரூப்பை நம்பாம, கல்லூரியோட சர்வதேச மாணவர் அலுவலகத்துல கேட்டு, பதிலை ஈமெயில்ல வாங்கி வைக்கச் சொல்லுங்க.

நீங்க போட்ட கையெழுத்து உங்க தம்பி மேல வச்ச நம்பிக்கை. அந்த நம்பிக்கையோட இந்த மூணு கேள்வியும் சேந்து இருக்கட்டும். இந்த வருஷம் யாரையாவது மீனம்பாக்கத்துல ஏத்தி விடப் போறீங்கன்னா, கிளம்பறதுக்கு முந்தின வாரமே இதை அவங்களோட உக்காந்து படிச்சிடுங்க. இஎம்ஐ கணக்கைப் படிப்படியா எப்படிப் போடறதுன்னு வீடியோவுல காட்டியிருக்கோம், அதையும் பாருங்க.