டி.சி. இல்லாத பையன்

இளைஞர் நீதிக் குழுமத்தில் சிறுவர்களுக்காக வாதாடும் வழக்கறிஞர் நான். கைதான பையனின் அம்மாவிடம் முதலில் கேட்பது, “அக்கா, பள்ளிக்கூட டி.சி. இருக்கா?” அந்த மாற்றுச் சான்றிதழை வைத்து அவனுக்கு 18 ஆகவில்லை என்று நிறுவ முடிந்தால் அவன் சிறுவர்களுக்கான கூர்நோக்கு இல்லத்துக்குப் போவான், பெரியவர்களோடு சிறையில் கிடக்கமாட்டான். பிறப்புச் சான்றிதழும் இல்லையென்றால் எலும்பை எக்ஸ்ரே எடுத்து வயதைக் கணிப்பார்கள். அது ஓரிரு வருடம் முன்பின் ஆகும். 17 வயதா, 19 வயதா? அவன் வாழ்க்கையே அதில்தான் இருக்கிறது.

இப்படிச் சிறைகளில் அடைபட்ட குழந்தைகளுக்காகத்தான் ஒருகாலத்தில் பத்திரிகையாளர் ஷீலா பர்சே உச்ச நீதிமன்றம் போனார். பிறகு வந்த 2000-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், சிறார் வயது வரம்பு ஆண், பெண் இருவருக்கும் 18 என்றது. 2015 சட்டமோ, கொடுங்குற்றமென்றால் 16 வயது நிரம்பிய பையனையும் பெரியவனாக விசாரிக்க வழிவிட்டது. என்னால் இதை ஏற்க முடியவில்லை.

தீர்ப்புக்குப் பிறகும்கூட, ‘குற்றம் நடந்தபோது நான் சிறுவன்’ என்று மனுப்போடலாம். சிறைக்குள் போய் அதை அங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத்தான் ஆள் வேண்டும்.